நன்மை செய்தோம் என்று எப்படி அறிவது?

புதிய மருந்து ஒன்றைக் கண்டுபிடித்தவர் அதை நேரே கடைக்கு அனுப்பிவிட முடியாது. முதலில் ஆய்வுக்கூடத்தில், பிறகு விலங்குகளிடத்தில், அதன் பின்னர் மனிதர் சிலரிடத்தில் என்று படிப்படியாகச் சோதித்த பின்னரே அது நோயாளியின் கைக்கு வருகிறது. புதிய நெல் வித்தும் அப்படித்தான். ஆராய்ச்சிப் பண்ணையில் பல பருவங்கள் விளைந்து காட்டிய பிறகே அது உழவரின் வயலை அடைகிறது.

ஆனால் வேறொரு வகையான மருந்தும் உண்டு. பள்ளியை விட்டு நின்றுவிட்ட சிறுவனுக்கு ஒருவர் அறிவுரை கூறுகிறார். குடியால் சீரழியும் குடும்பத்துக்கு ஒருவர் வழி காட்டுகிறார். திருட்டில் அகப்பட்ட இளைஞனை நல்வழிப்படுத்த ஒரு சங்கம் முயல்கிறது. இவையும் மனித வாழ்க்கையில் தலையிடும் செயல்கள்தாம். இவற்றை யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? சோதித்திருந்தால், அந்த முடிவு களத்தில் வேலை செய்பவர்களின் காதுக்கு எட்டியதா?

இக்கேள்விகளை எழுப்பும் துறைக்குச் சமூகப் பணி என்று பெயர். ஓய்வு நேரத்தில் செய்யும் தொண்டு மட்டும் அன்று இது. கல்லூரியில் கற்று, ஊதியம் பெற்றுச் செய்யும் ஒரு தொழிலாகவும் இது வளர்ந்திருக்கிறது. இந்தியாவில் இதற்கென முதல் கல்விக்கூடம் 1936-ஆம் ஆண்டில் பம்பாயில் தோன்றியது. இன்று அது டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று வழங்குகிறது. இத்துறையில் ஆராய்பவர் ஒருவர், களத்தில் பணி செய்பவர் இன்னொருவர். இவ்விருவரும் எவ்வாறு ஒருவரையொருவர் சந்திக்கின்றனர், சந்திக்காவிட்டால் என்ன நேரும் என்பதைச் சில உண்மை நிகழ்ச்சிகளின் துணைகொண்டு காண்போம்.

நாணயம் சுண்டிய மருத்துவர்

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ரிச்சர்ட் காபட் என்றொரு மருத்துவர் இருந்தார். அந்நகரின் புகழ்பெற்ற மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அவர் பணியாற்றினார். ஏழை நோயாளிக்கு, ‘நல்ல உணவு உண்ணுங்கள், ஓய்வு எடுங்கள்’ என்று எழுதிக் கொடுப்பதில் பயன் இல்லை என்பதை அவர் கண்டார். உணவுக்கும் ஓய்வுக்கும் வழி இல்லாமைதானே அந்நோயாளியின் துன்பம்! எனவே 1905-ஆம் ஆண்டில் அம்மருத்துவமனையில் ஒரு சமூகப் பணியாளரை அமர்த்தினார். நோயாளியின் வீட்டையும் பிழைப்பையும் அறிந்துவந்து மருத்துவருக்குச் சொல்வது அவர் வேலை. மருத்துவமனைச் சமூகப் பணி என்னும் துறைக்கு இது ஒரு தொடக்கமாக அமைந்தது.

சமூகப் பணியாளரின் நண்பராகிய காபட்டே பிற்காலத்தில் அவர்களைப் பார்த்து ஒரு கடினமான கேள்வியும் கேட்டார். 1931-இல் அமெரிக்கச் சமூகப் பணியாளரின் தேசிய மாநாட்டுக்குத் தலைமை வகித்துப் பேசியபோது, ‘உங்கள் பணியின் விளைவை அளந்து பாருங்கள்’ என்று வற்புறுத்தினார். சொன்னதோடு நில்லாமல் தாமே ஒரு பெரிய சோதனையைத் திட்டமிட்டார். பாஸ்டனுக்கு அருகிலுள்ள கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்னும் இரு தொழில் நகரங்களில் அது 1939-இல் தொடங்கியது.

அச்சோதனையின் அமைப்பைக் கவனியுங்கள். வழிதவறிப் போகக்கூடும் என்று கருதப்பட்ட சிறுவர்களும், சாதாரணச் சிறுவர்களும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். வயது, அறிவாற்றல், குடும்பச் சூழ்நிலை முதலியவற்றில் ஒத்திருக்கும் இருவரை ஓர் இணையாகச் சேர்த்தனர். பிறகு ஒரு நாணயத்தைச் சுண்டினர். அது காட்டியபடி இணையில் ஒருவன் உதவி பெறும் குழுவுக்குச் சென்றான். மற்றவன் ஒப்பீட்டுக் குழுவுக்குச் சென்றான். உழவர் ஒரே வயலில் ஒரு பாத்திக்குப் புதிய உரத்தை இட்டு, அடுத்த பாத்திக்கு இடாமல் விட்டு, இரண்டின் விளைச்சலையும் ஒப்பிடுவார் அல்லவா? அதே முறைதான் இது.

உதவி பெற்ற சிறுவர்களின் வீட்டுக்கு ஆலோசகர்கள் சராசரியாக மாதம் இருமுறை சென்றனர். குடும்பத் தகராறுகளைத் தீர்த்து வைத்தனர். பாடங்களில் பின்தங்கியவர்களுக்குத் தனிப்பயிற்சி கிடைத்தது. நோயுற்றவர்களுக்கு மருத்துவ உதவி கிடைத்தது. பலர் கோடை முகாம்களுக்கும் அனுப்பப்பட்டனர். இப்படிச் சராசரியாக 5 ஆண்டுகள் உதவி தொடர்ந்தது. திட்டம் தொடங்கிய ஆண்டிலேயே காபட் காலமானார். எனினும் பணி நிற்கவில்லை. 1945 வரை நடந்தது.

30 ஆண்டுகளுக்குப் பின் வந்த விடை

ஜோன் மெக்கார்ட் என்ற அம்மையார் ஒரு குற்றவியல் ஆய்வாளர். திட்டம் முடிந்து சுமார் 30 ஆண்டுகள் கழித்து அந்தப் பழைய சிறுவர்களை அவர் தேடிப் புறப்பட்டார். இரு குழுவிலும் ஆளுக்கு 253 பேர். மொத்தம் 506 பேர். அவர்கள் அப்போது நடுத்தர வயதை அடைந்திருந்தனர். நீதிமன்றப் பதிவுகள், மருத்துவமனைப் பதிவுகள், இறப்புப் பதிவுகள் ஆகியவற்றைத் துருவியும், கடிதம் எழுதியும், நேரில் கண்டும் ஏறத்தாழ எல்லோருடைய வரலாற்றையும் அவர் திரட்டிவிட்டார்.

உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், ‘அத்திட்டம் எங்களுக்கு நன்மை செய்தது’ என்றே சொன்னார்கள். தம் ஆலோசகரை அன்போடு நினைவுகூர்ந்தவர்களும் உண்டு. இந்த இடத்தில் ஆய்வை முடித்திருந்தால் விழா எடுத்துக் கொண்டாடியிருக்கலாம்.

ஆனால் ஒப்பீட்டுக் குழு ஒன்று இருந்ததே! அதனோடு வைத்துப் பார்த்தபோது வேறொரு சித்திரம் தெரிந்தது. குற்றம் செய்தவர் தொகை இரு குழுவிலும் ஏறத்தாழச் சமம். ஆயினும் ஒரு முறை குற்றம் செய்தபின் மறுமுறையும் செய்தவர்கள் உதவி பெற்ற குழுவிலேயே மிகுதி. குடிக்கு அடிமையானதற்கும், கடுமையான மனநோய்க்கும் அடையாளங்கள் அக்குழுவிலேயே அதிகம் காணப்பட்டன. இறந்தவர்களை எடுத்துக்கொண்டால், உதவி பெற்றவர்கள் மற்றவர்களைவிட இளவயதில் இறந்திருந்தனர். உதவியால் விளைந்தது நன்மை அன்று, தீமை என்றே கொள்ள வேண்டியிருந்தது. 1978-இல் மெக்கார்ட் இம்முடிவுகளை வெளியிட்டபோது சமூகப் பணி உலகம் அதிர்ச்சியுற்றது.

ஏன் இப்படி ஆயிற்று? மெக்கார்ட் பல காரணங்களை ஆராய்ந்தார். அயலார் ஒருவரின் துணையில் பல்லாண்டு வாழ்ந்தவன், அத்துணை போனபின் தடுமாறியிருக்கலாம். ‘உதவி தேவைப்படுபவன்’ என்ற எண்ணமே அவன் மனத்தில் பதிந்திருக்கலாம். பிற்கால ஆய்வு ஒன்று, 1999-இல், இன்னொரு துப்பையும் கொடுத்தது. கோடை முகாமுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை அனுப்பப்பட்ட சிறுவர்களிடமே தீய விளைவு பெரிதும் காணப்பட்டது. குறும்புக்காரச் சிறுவர்களை ஒன்றாகச் சேர்த்து வைத்தால் ஒருவன் குறும்பை மற்றவன் கற்றுக்கொள்கிறான் என்பது அதன் பொருளாக இருக்கக்கூடும்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஆலோசகர்கள் சோம்பேறிகளும் அல்லர். கெட்ட எண்ணம் கொண்டவர்களும் அல்லர். மனமார உழைத்தவர்கள். அவர்களுக்கு எதிரே அமர்ந்திருந்த சிறுவனும் நன்றி பாராட்டினான். கொடுத்தவர், பெற்றவர் ஆகிய இருவருடைய கண்ணுக்கும் தெரியாத ஒரு தீமை, எண்ணிப் பார்த்ததால் மட்டுமே தெரிய வந்தது.

‘உதவியை ஒரு பாதிக்குக் கொடுத்து மறு பாதிக்கு மறுப்பது நியாயமா?’ என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லோருக்கும் கொடுக்கப் பொருளும் ஆளும் இல்லாதபோது, சீட்டுக் குலுக்கி முடிவு செய்வதில் பாரபட்சம் இல்லை என்பது ஒரு விடை. அவ்வுதவி உண்மையில் உதவிதானா என்று இன்னும் தெரியாது என்பது இரண்டாவது விடை. கேம்பிரிட்ஜ், சாமர்வில் சிறுவர்களின் கதை இந்த இரண்டாவது விடைக்குச் சான்று.

விடை தெரிந்தும் வழி மாறாதது

சரி, விடை தெரிந்துவிட்டால் களத்தில் உள்ளவர்கள் உடனே வழியை மாற்றிக்கொள்வார்கள் அல்லவா? அப்படித்தான் நாம் நினைப்போம். நடப்பது வேறு.

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ராவே என்னும் பெயரில் ஒரு சிறைச்சாலை இருந்தது. அங்கே ஆயுள் தண்டனை பெற்ற கைதிகள் 1970-களின் நடுவில் ஒரு திட்டம் தொடங்கினர. தவறான வழியில் செல்லும் சிறுவர்களைச் சிறைக்குள் அழைத்துவந்து, சிறை வாழ்க்கையின் கொடுமையை உரத்த குரலில் எடுத்துக்காட்டி அச்சுறுத்துவார்கள். அஞ்சியவன் திருந்துவான் என்பது எண்ணம். 1978-இல் இதைப் பற்றி வந்த ஆவணப்படம் ஆஸ்கார் பரிசு பெற்றது. பல மாநிலங்கள் இதைப் பின்பற்றின.

ஜேம்ஸ் ஃபிங்கெனார் என்ற பேராசிரியர் இதே திட்டத்தை ஒப்பீட்டுக் குழுவோடு ஆராய்ந்தார். அவர் 1982-இல் வெளியிட்ட முடிவு: சிறைக்கு அழைத்துச் செல்லப்பட்ட சிறுவர்களே, செல்லாதவர்களைவிடப் பின்னர் அதிகம் குற்றம் செய்தனர். ஓர் ஆய்வை நம்பி முடிவு கட்டலாமா என்ற ஐயம் எழலாம். அதற்கும் வழி உண்டு. ஒரே கேள்வியைப் பற்றிப் பல இடங்களில் நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி, தரம் பார்த்து, ஒன்றாக வைத்து எடைபோடுவது அவ்வழி. சமூகத் துறைகளில் இதைச் செய்வதற்காகவே 2000-ஆம் ஆண்டில் காம்ப்பெல் கூட்டமைப்பு என்ற பன்னாட்டு அமைப்பு தோன்றியது. சிறை காட்டி அச்சுறுத்தும் திட்டங்களைப் பற்றிய ஒன்பது சோதனைகளை ஆய்வாளர்கள் இம்முறையில் தொகுத்தனர். அவர்கள் கண்ட முடிவும் அதுவே: இத்திட்டம் குற்றத்தைக் குறைக்கவில்லை, கூட்டுகிறது.

இவ்வளவுக்குப் பின்னும் 2011-இல் அமெரிக்காவில் இதே முறையைப் பாராட்டும் ஒரு தொலைக்காட்சித் தொடர் தொடங்கிப் பல ஆண்டு நடந்தது!

காரணங்களைத் தேடினால் அவை மனித இயல்பிலேயே இருப்பதைக் காணலாம். ஆய்வாளர் எழுதும் கட்டுரை ஆய்விதழில் வெளியாகிறது. அவ்விதழின் விலையும் நடையும் களப்பணியாளருக்கு எட்டாதவை. பணியாளரிடம் இன்று ஒரு தாய் அழுதுகொண்டு நிற்கிறாள்; ஆய்வின் விடையோ பத்தாண்டு கழித்து வருகிறது. ஆய்வாளர் 500 பேரின் சராசரியைச் சொல்கிறார். பணியாளர் தம் எதிரே இருக்கும் ஒருவனைப் பற்றிக் கேட்கிறார். மேலும், திருந்திய சிறுவன் பின்னர் வந்து நன்றி கூறுவான். திருந்தாதவன் வரமாட்டான். ஆகவே பணியாளரின் நினைவில் வெற்றிகளே தங்குகின்றன. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இத்தனை ஆண்டு நாம் செய்தது பயனற்றது’ என்பதை ஏற்றுக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்?

இத்தடைகளைத் தாண்டி ஆய்வு களத்தை அடைந்த வரலாறுகளும் உண்டு. அவற்றில் இரண்டைப் பார்ப்போம்.

கொதிகலன் பார்த்தவரின் திரைப்படம்

இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் அன்னா ஃபிராய்டு அம்மையார், போரால் குடும்பத்தைப் பிரிந்த குழந்தைகளுக்காகக் காப்பகங்கள் நடத்தினார். அங்கே ஒரு விதி இருந்தது. எந்த வேலை செய்பவராயினும், குழந்தைகளிடம் தாம் கண்டதைச் சிறு அட்டைகளில் எழுதி வைக்க வேண்டும். அவ்வட்டைகளை வைத்து எல்லோரும் கூடி விவாதிப்பார்கள். அக்காப்பகத்தில் கொதிகலனைக் கவனித்துக்கொண்டு, சில்லறை வேலைகளையும் பார்த்துவந்த ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற இளைஞரும் அப்படி எழுதினார். கூர்ந்து பார்க்கும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வந்தது. போர் முடிந்ததும் அவர் மனநலச் சமூகப் பணியில் பயிற்சி பெற்றார். 1948-இல் ஜான் போல்பி என்ற மனநல மருத்துவர், மருத்துவமனையில் தங்கியிருக்கும் குழந்தைகளைக் கவனித்துவர அவரை அமர்த்தினார்.

அந்நாளில் பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் குழந்தையைச் சேர்த்துவிட்டால் பெற்றோர் விரும்பியபோது வந்து பார்க்க முடியாது. பல இடங்களில் வாரத்தில் ஓரிரு மணி நேரமே அனுமதி. சில இடங்களில் அதுவும் இல்லை. தாய் வந்து போனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் இரண்டொரு நாளில் அடங்கிவிடுகிறது என்பது செவிலியரின் அனுபவம். அடங்கிய குழந்தையைப் பார்த்து, ‘பழகிக்கொண்டது’ என்று அவர்கள் நிம்மதி அடைந்தார்கள்.

ராபர்ட்சன் நாள்தோறும் வார்டில் அமர்ந்து பார்த்தார். அவர் கண்டது வேறு. முதலில் குழந்தை அழுது போராடுகிறது. பிறகு நம்பிக்கை இழந்து சோர்ந்து கிடக்கிறது. இந்தச் சோர்வைத்தான் மற்றவர்கள் அமைதி என்று எண்ணுகிறார்கள். நீண்ட நாள் பிரிவுக்குப் பிறகோ, தாய் வந்தாலும் அவளைத் தெரியாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இதை அவர் மருத்துவர்களிடம் சொன்னார். அவர்கள் நம்பவில்லை.

வாதத்தால் பயன் இல்லை என்று கண்ட ராபர்ட்சன் ஒரு சினிமாக் காமிராவை வாங்கினார். அதற்கு முன் அவர் படம் எடுத்தவர் அல்லர். தொப்புள் குடலிறக்கத்துக்குச் சிறிய அறுவை செய்துகொள்ள வந்த இரண்டரை வயதை எட்டாத ஒரு சிறுமியை அவர் படம் பிடித்தார். எட்டு நாள் அவள் அங்கே இருந்தாள். ‘அழும் நேரம் பார்த்து எடுத்துவிட்டார்’ என்று யாரும் குறை கூறாதிருக்க, நாளுக்கு இருமுறை, குறித்த நேரத்தில், சுவர்க்கடிகாரமும் தெரியும்படி எடுத்தார். அறிவியல் முறையின் கட்டுப்பாடு அந்தக் காமிராவுக்குள்ளும் இருந்தது.

1952-இல் லண்டன் அரச மருத்துவக் கழகத்தில் படம் காட்டப்பட்டது. கூடியிருந்த மருத்துவர்களிலும் செவிலியரிலும் பலர் சினந்தார்கள். தங்கள் தொழிலை இழிவுபடுத்துவதாகக் குற்றம் சாட்டினார்கள். டெர்மாட் மெக்கார்த்தி என்ற குழந்தை மருத்துவரும் அப்படிச் சினந்தவர்களில் ஒருவர். ஆனால் படம் பார்த்துத் தம் மருத்துவமனைக்குத் திரும்பிய அவரால் பழைய கண்ணோடு வார்டைப் பார்க்க முடியவில்லை. அவரிடம் பணியாற்றிய தலைமைச் செவிலியும், படம் காட்டுவது உண்மைதான் என்றார். அவர்கள் ஏமர்ஷம் என்ற ஊரில் இருந்த தங்கள் வார்டில் தாய்மாரைத் தங்க அனுமதித்தனர். ராபர்ட்சன் அங்கேயே தம் அடுத்த படத்தை எடுத்து 1958-இல் வெளியிட்டார். முதல் படம் நோயைக் காட்டியது. இரண்டாம் படம், மருந்து நடைமுறையில் கூடியதே என்று காட்டியது.

1959-இல் அரசு அமைத்த பிளாட் குழு, குழந்தைகளைக் காணப் பெற்றோருக்குத் தடை கூடாது என்று பரிந்துரைத்தது. அதன் பின்னரும் பல மருத்துவமனைகள் அசையவில்லை. ராபர்ட்சன் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் பெற்றோரை நோக்கியே பேசினார். 1961-இல் தாய்மார் தாமே சங்கம் கூட்டி மருத்துவமனைகளைக் கேட்கத் தொடங்கினர். கதவுகள் சிறுகச் சிறுகத் திறந்தன. இன்று குழந்தையின் படுக்கைக்கு அருகில் தாய் இருப்பது இயல்பான காட்சி. அதற்குப் பின்னே ஒரு சமூகப் பணியாளரின் பொறுமை இருக்கிறது.

ராபர்ட்சன் வென்றதற்குக் காரணம் என்ன? அவர் தம் கண்டுபிடிப்பை ஆய்விதழோடு விட்டுவிடவில்லை. களத்தில் இருப்பவர் தம் கண்ணாலேயே பார்க்கும்படி அதை எடுத்து வந்தார். மாறிக் காட்டிய ஒரு வார்டை மற்ற வார்டுகளுக்கு முன் நிறுத்தினார். நன்மை பெற வேண்டியவர்களையும் சேர்த்துக்கொண்டார்.

தோற்றபின் திரும்பி வந்தவர்கள்

இரண்டாவது வரலாறு நம் நாட்டில் நடந்தது. 1995-இல் மும்பையின் சேரிக் குழந்தைகளுக்குக் கல்வி அளிக்கப் பிரதம் என்ற அமைப்பு தோன்றியது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் மாதவ் சவான். மற்றவர் ஃபரிதா லாம்பே என்ற சமூகப் பணிப் பேராசிரியை. பள்ளிக்கு வந்தும் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு, அப்பகுதியைச் சேர்ந்த இளம்பெண்களைக் கொண்டு நாள்தோறும் இரண்டு மணி நேரம் அடிப்படைப் பாடம் கற்பிப்பது அவர்களுடைய முறைகளில் ஒன்று.

அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ முதலிய பொருளியல் ஆய்வாளர்கள் இம்முறையை 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வடோதராவிலும் சோதித்தனர். குழந்தைகள் முன்னேறினர். நகரத்தில் பலித்தது கிராமத்தில் பலிக்குமா என்று அடுத்து உத்தரப்பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில் பார்த்தனர். கிராமத் தொண்டர்கள் நடத்திய வாசிப்பு முகாமுக்கு வந்த குழந்தைகள் நன்றாகவே முன்னேறினர். ஆனால் அந்தக் கிராமங்களின் குழந்தைகளில் சுமார் 8 சதவீதத்தினரே முகாமுக்கு வந்திருந்தனர்!

முறை நல்லது, குழந்தைகளைச் சென்றடையவில்லை. அப்படியானால் பள்ளிக்குள்ளேயே கொண்டுபோக வேண்டும். பீகாரிலும் உத்தராகண்டிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் புத்தகமும் கொடுத்துப் பார்த்தனர். பள்ளி நாள்களில் பயன் விளையவில்லை. ஆனால் அதே பீகாரில் அதே ஆசிரியர்கள் கோடை விடுமுறை முகாமில் கற்பித்தபோது குழந்தைகள் முன்னேறினர். ஆக, ஆசிரியரால் முடியும். பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும் என்ற நெருக்கடிதான் தடை என்று விளங்கிற்று. பின்னர் அரியானாவில் 2012-13-ஆம் கல்வி ஆண்டில், பள்ளி வேளையில் இதற்கென்றே தனி நேரம் ஒதுக்கி, வகுப்பைப் பாராமல் குழந்தையின் வாசிப்புத் திறனைப் பார்த்துக் குழு பிரித்து, மேற்பார்வையும் ஏற்படுத்தினர். முறை பலித்தது. அடுத்த ஆண்டு உத்தரப்பிரதேசப் பள்ளிகளில் குறுகிய கால முகாம்களாக நடத்தியபோதும் நல்ல பயன் கிடைத்தது.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால் 10 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு தோல்வியையும் ஆய்வாளர் அளந்து சொன்னார். அதன் காரணத்தை ஊகித்து, வேறொரு வழி காட்டக் களப்பணியாளரின் அனுபவம் உதவியது. ஆய்வாளர் மட்டும் இருந்திருந்தால், ‘பயன் இல்லை’ என்று எழுதி முடித்திருப்பார். பணியாளர் மட்டும் இருந்திருந்தால், முகாமுக்கு வந்து முன்னேறிய சில குழந்தைகளைக் கண்டு மகிழ்ந்திருப்பார். வராத பெரும்பாலோரை யார் எண்ணியிருப்பார்? டூஃப்லோவும் பானர்ஜியும் மைக்கேல் கிரெமர் என்பவரோடு சேர்ந்து 2019-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். வறுமையைச் சோதனை முறையில் அணுகியதற்காக அப்பரிசு அளிக்கப்பட்டது.

நீங்கள் கேட்க வேண்டியவை

வாசகர்களே, உங்களில் பலர் நாட்டு நலப்பணித் திட்டத்திலோ, ஊர் நற்பணி மன்றத்திலோ, முதியோர் கல்வியிலோ பங்கு கொண்டிருப்பீர்கள். அல்லது இனிமேல் பங்கு கொள்வீர்கள். எந்தப் பணியில் இறங்கினாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது: இந்த உதவியைப் பெறாதவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்? பெற்றவரை மட்டும் பார்த்தால், காலப்போக்கில் தானாக வந்த முன்னேற்றத்தையும் நம் சாதனை என்று எண்ணிவிடுவோம்.

இரண்டாவது: நம்மிடம் வராதவரும், பாதியில் நின்றவரும் எத்தனை பேர்? அவர்கள் நன்றி சொல்ல வரமாட்டார்கள். நாம்தான் தேடிப் போக வேண்டும்.

மூன்றாவது: இதே வேலையை இதற்கு முன் செய்து பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? ஆய்வாளராக இருப்பவருக்கு இதே கேள்வி மறுபுறமாக அமையும்: நான் கண்டதை, அந்த வேலையைச் செய்பவருக்குப் புரியும் மொழியில் சொன்னேனா?

எல்லாவற்றையும் எண்ணால் அளந்துவிட முடியாது என்பதும் உண்மை. சாகும் தறுவாயில் இருக்கும் முதியவரின் கையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருப்பதற்கு ஒப்பீட்டுக் குழு தேவையில்லை. ஆனால் ஒருவருடைய வாழ்க்கையின் போக்கையே மாற்ற முனையும்போது, நம் நல்லெண்ணத்தை மட்டும் துணையாகக் கொள்வது போதாது. கேம்பிரிட்ஜிலும் சாமர்வில்லிலும் வீடு வீடாகச் சென்றவர்களுக்கு நல்லெண்ணத்தில் என்ன குறை இருந்தது?

இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அதில் இன்று கண்டதைத் தேதியிட்டு எழுதுங்கள், எதிர்பார்த்ததை எழுதாதீர்கள். மாதம் ஒருமுறை, உடன் பணி செய்பவர்களோடு அமர்ந்து அதைப் படித்துப் பாருங்கள். அருகிலுள்ள கல்லூரியில் சமூகப் பணித் துறையோ, புள்ளியியல் துறையோ இருந்தால் அங்குள்ள ஆசிரியர் ஒருவரையும் அழைத்துக் காட்டுங்கள். களத்தில் எழும் கேள்விக்காகக் காத்திருக்கும் ஆய்வாளர்களும் உண்டு.